மேசைக்குக் கீழே மாமி

என் வாழ்க்கையில் ஒரேயொரு பொருளைத்தான் நான் மூன்று கிழமை ஆராய்ந்து வாங்கியிருக்கிறேன். வீடு வாங்க அரை நாள் போதுமாக இருந்தது. காரை அதன் நிறத்துக்காக வாங்கினேன். (மனைவியைப் பற்றி இந்த இடத்தில் எதுவும் எழுதக்கூடாது என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.) அந்த மூன்று கிழமைப் பொருள் ஒரு சவுண்ட் கார்ட். சத்தத்தை எடுக்கவும் விடவும் கணினிக்கு வெளியே செருகுவது, சவர்க்காரக் கட்டி அளவு இருக்கும். அதன் பெயரை எடுத்தால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒருவர் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய்ச் சிரித்துவிட்டு வருவார்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. டென்மார்க்கில், ஓகூஸ் நகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. பெட்டியில் உள்ள கோடுகளை ஒரு சின்னக் கருவியால் வாசித்து ஏற்ற வேண்டும். இதை வைத்து அம்மா நாங்கள் இருந்த கோல்டிங் ஊர் முழுக்க 'என்ரை மகன் கொம்பியூட்டரிலை இருக்கிறான்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் அதை மறுக்கவில்லை. மறுக்காமல் விட்டதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். போதாக்குறைக்கு லினக்சுக்கு மதம் மாறியிருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லினக்ஸ் என்பது உலகம் முழுக்க உள்ள ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருக்கும் இயங்குதளம். அதில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனாலும் பெற்றெடுத்தவன் மாதிரி நடந்துகொண்டேன். யாருடைய வீட்டுக்குப் போனாலும் தேநீர் வர முதலே அவர்களுடைய கணினியைப் பார்த்து உச்சுக்கொட்டுவேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் சில வீடுகளில் கணினியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் மடிக்கணினியில் ஒரு சின்னக் குறை இருந்தது. அதில் சத்தம் வராது. அதனுள்ளே இருந்த சவுண்ட் கார்டும் லினக்சும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவேயில்லை. இரண்டு வருடம் எல்லாப் படத்தையும் ஊமைப்படமாகவே பார்த்தேன். சுதந்திரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் அக்காவின் கலியாணம் வந்தது.

அது போர் முடிந்த வருடம். அந்த வருடத்தின் முதல் பாதியில் எங்கள் வீடுகளில் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அக்காவுக்குப் பேசியிருந்த நேசன் அத்தான் கோல்டிங்கில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய தாய், எங்களுக்கு மாமி, வன்னியில் இருந்தார். பல மாதமாக எந்தச் சேதியும் இல்லை. போர் முடிந்து, மாமி உயிரோடு முகாமில் இருக்கிறார் என்று தெரியவந்த நாளில் அத்தான் வேலையிடத்துக் கழிப்பறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். வேலையை மேற்பார்க்கிற டேனிஷ் போர்மன் கதவைத் தட்டி, வயிறு சரியில்லையா என்று கேட்டாராம். ஓம் என்று சொல்லிவிட்டாராம். முகாமிலிருந்து விடுபட்டு மாமி வவுனியாவில் தன் தங்கை வீட்டுக்கு வந்த பிறகுதான் கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள்.

அத்தான் சீதனம் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. ஒன்றைத் தவிர.

"அம்மாவுக்கு இப்போதைக்கு விசா கிடைக்காது. பதினொரு வருசமா நான் அவவைப் பார்க்கேல்லை. தாலி கட்டுற நேரம் அவ ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். அதை நான் கேக்கவேணும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொம்பியூட்டரிலை இருக்கிற மகன் நான்தானே.

கலியாண வீடுகளுக்கு வழக்கமாக ஒலிபெருக்கி, வீடியோ எல்லாம் செய்பவர் குமார் அண்ணை. அவர் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார். "தம்பி, என்ரை கொம்பியூட்டரிலை இதெல்லாம் வேலை செய்யும். நான் கொண்டுவாறன்" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

"அண்ணை, உங்கடை கொம்பியூட்டர் உங்களுக்கே சொந்தமில்லை. அதுக்குள்ளை என்ன நடக்குதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். அதற்குமேல் அரை மணித்தியாலம் விளக்கினேன். அண்ணை பாவம், தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மூன்று கிழமை ஆராய்ச்சி. லினக்சுக்கு ஏற்ற சவுண்ட் கார்ட் தெரிவு செய்வதில் ஒரு முக்கியமான விசயம் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பக்கூடாது. உள்ளே இருக்கும் சில்லு, அதாவது சிப், எது என்று பார்க்க வேண்டும். ஒரே பெயரில், ஒரே பெட்டியில், போன வருடம் ஒரு சில்லு இருக்கும், இந்த வருடம் இன்னொன்று இருக்கும். முதலாவது லினக்சோடு ஒத்துப்போகும், இரண்டாவது திரும்பியும் பார்க்காது. எங்கள் ஆட்களுக்கு இது நன்றாக விளங்கும். நேசன் அத்தானைப் பற்றி விசாரித்தபோது அம்மா அவருடைய பெயரைக் கேட்டாரோ தெரியாது, எந்த ஊர், தகப்பன் ஆர், தாயின் ஊர் எது, தாயின் தாய் எந்தப் பக்கம் என்று கனடா வரைக்கும் தொலைபேசி எடுத்தார். நானும் அதே மாதிரித்தான். ஒவ்வொரு கார்டுக்கும் பூர்வீகம் விசாரித்தேன். இணையத்தில் இருந்து பதினொரு பக்கம் அச்சடித்து, வேலையிடத்தில் பெட்டிகளுக்கு நடுவே இருந்து, நிறப் பேனையால் கோடு போட்டுப் படித்தேன். முதல் பக்கத்துக்கு 'புதியவர்களுக்கு' என்று தலைப்பு. அது எனக்கில்லை என்று திருப்பிவிட்டேன்.

ஓகூசில் ஒரு கடையில் போய், "இதுக்குள்ளே என்ன சில்லு இருக்கிறது?" என்று டேனிஷில் கேட்டேன். விற்பனைப் பொடியன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "சத்தம் வரும்" என்றான். சில்லின் பெயரைக் கேட்டேன். "நல்ல சத்தம் வரும்" என்றான். நான் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல, அவன் மேலாளரைக் கூப்பிட, மேலாளர் வந்து எனக்கு ஒரு பேனை இலவசமாகத் தந்து அனுப்பிவைத்தார். நாலாவது கடையில்தான் நான் தேடியது கிடைத்தது. நல்ல குடும்பத்துச் சில்லு. மைக் வழியாகச் சத்தத்தை உள்ளே எடுப்பதில் அதை அடிக்க ஆளில்லை என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. இருபது அடி தூரத்தில் ஊசி விழுந்தாலும் எடுக்குமாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியை உடைக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்தார்.

"டேய், கலியாணத்துக்கு வாங்கின புதுச்சாமான். நல்ல நேரம் பாக்காமல் உடைக்கக்கூடாது."

"அம்மா, இது சவுண்ட் கார்ட்."

"என்னவா இருந்தால் என்ன. கூறைச்சீலையும் இன்னும் பிரிக்கேல்லை. தாலிக்கொடியும் பிரிக்கேல்லை. இது மட்டும் என்ன பெரிய ஆளோ?"

இப்படியாக என் சவுண்ட் கார்ட், சாமித் தட்டில், கூறைச்சீலைக்கும் தாலிக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டு ஒன்பது நாள் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழி முழுவதையும் அம்மாவில் போட எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை என்னவென்றால், நான் பெரிதாக மறுக்கவில்லை. மூன்று கிழமை விசாரித்து எடுத்த கார்டைப் பரிசோதிப்பது எனக்கே அவமானமாகப் பட்டது. பொம்பிளை பார்த்து முடித்த பிறகு பல்லை எண்ணுவார்களா?

கலியாணம் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மணவறை. முந்நூறு பேர். முன் வரிசையில் அத்தானின் போர்மனும் நாலைந்து டேனிஷ்காரரும் புதுச் சட்டையோடு இருந்தார்கள். மணவறைக்குப் பக்கத்தில் பெரிய திரை. அதற்கு முன்னால், வேட்டி கட்டி, ஒரு நீண்ட வயரைக் குமார் அண்ணையின் ஒலிபெருக்கிக்கு இழுத்து, மேசையில் மைக்கை நிறுத்தி, நான். நல்ல நேரம் வந்ததும் பெட்டியை உடைத்தேன். ஐயர் அந்தப் பக்கம் மந்திரம் சொல்ல, நான் இந்தப் பக்கம் குங்குமப் பொட்டு வைத்த சவுண்ட் கார்டைச் செருகினேன். கணினி அதை உடனே இனங்கண்டது. எனக்குக் கண் கலங்கியது.

வவுனியாவில் மாமியின் தங்கை வீட்டுக்காரர் எல்லோரும் காசு கொடுத்து வெளிநாட்டுக்குக் கதைக்கிற தெருமுனைக் கொமினிகேசன் கடைக்கு வந்து, அங்கே இருந்த கணினிக்கு முன்னால் மாமியை இருத்தியிருந்தார்கள். அழைப்பு எடுபட்டது. திரையில் மாமி வந்தார். மெலிந்த முகம், நரைத்த தலை, புதுச்சீலை. மண்டபமே 'ஆ' என்றது. மணவறையில் இருந்தபடியே அத்தான் பாதி எழும்பிவிட்டார்.

படம் பத்து விநாடிக்கு ஒருமுறைதான் அசைந்தது. ஒரு படத்தில் மாமியின் வாய் திறந்திருந்தது, அடுத்ததில் மூடியிருந்தது, அடுத்ததில் திறந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

நான் ஒலியைக் கூட்டினேன். இல்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். இல்லை. பிறகு, என் கெட்ட நேரத்துக்கு, கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளை அடிக்கத் தொடங்கினேன். என் கணினியில் தெரிவதெல்லாம் பெரிய திரையிலும் தெரியும் என்பதை மறந்துபோனேன். மாமியின் முகத்தை மூடிக்கொண்டு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் ஆளுயரத்துக்கு ஓடத் தொடங்கின. பின்வரிசையில் பெரியப்பா உரத்த குரலில், "இது என்ன படம்?" என்று கேட்டார். போர்மன் இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாக எழுந்து நின்று படம் எடுத்தார். மற்ற டேனிஷ்காரரும் எழுந்து நின்றார்கள்.

குமார் அண்ணை மெல்லக் குனிந்து வந்தார். "தம்பி, என்ரை கொம்பியூட்டர் காரிலை கிடக்கு. ரெண்டு நிமிசத்திலை கொண்டுவந்திடுவன்."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? நான், "தேவையில்லை அண்ணை, இது கொள்கைப் பிரச்சினை" என்றேன். (இதை எழுதும்போது என் காது சூடாகிறது.)

ஐயர் காத்திருந்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். முகூர்த்தம் முடிய நாலு நிமிடம். அத்தான் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மாமி வாய் திறந்தபடி நின்றுபோயிருந்தார். ஏதோ சொல்கிறார், என்னவென்று தெரியவில்லை. கெட்டிமேளம் குமார் அண்ணையின் சீடியில் இருந்து முழங்கியது. அத்தான் கட்டினார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முந்நூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் என் வாழ்க்கையிலேயே கீழ்த்தரமான காரியத்தைச் செய்தேன். மைக்குக்குப் பக்கத்தில் நின்று, தெளிவான குரலில் சொன்னேன்:

"என்ரை பக்கம் எல்லாம் சரி. வவுனியாவிலைதான் லைன் சரியில்லை. அங்கை லைன் அறுந்து போச்சுது."

போரால் அடிபட்டுக் கிடந்த ஒரு ஊரின் தலையில், என் சவுண்ட் கார்டின் பழியையும் தூக்கிப் போட்டேன். சனமும் நம்பியது. "பாவம், அங்கை என்ன வசதி இருக்கு" என்றார்கள். திரைக்குப் போன வயரைப் பிடுங்கினேன். அம்மா வந்து, "அந்தச் சனியனை அங்காலை எடு, சாப்பாடு வைக்கவேணும்" என்று சொல்ல, மடிக்கணினி, கார்ட், மைக், வயர் எல்லாவற்றையும் அப்படியே அள்ளிச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தள்ளி, மேசைச்சீலையை இழுத்து மூடினேன். ஒலிபெருக்கிக்குப் போன வயரைக் கழற்றவுமில்லை, அழைப்பைத் துண்டிக்கவுமில்லை. இருந்த அவசரத்தில் இரண்டுமே ஞாபகத்துக்கு வரவில்லை. அத்தான் மாமியின் தங்கை வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்துப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் எல்லோரும்தான் கலியாணம் பார்க்கக் கொமினிகேசனுக்குப் போயிருந்தார்களே.

பந்தி நடந்தது, பாட்டு நடந்தது, படம் எடுப்பது நடந்தது. நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒளிந்திருந்தேன். சனம் ஓரளவு குறைந்த பிறகு, மூன்று மணித்தியாலம் கழித்து, சாமான்களை எடுக்க மேசைக்குக் கீழே தவழ்ந்து போனேன்.

அங்கே, மேசைச்சீலையின் மங்கல் வெளிச்சத்தில், குனிந்து இருந்தபடி ஒரு கடைசி முறை ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தேன். எதற்கென்று தெரியாது. புண்ணைச் சொறிகிற குணம்தான். அப்போதுதான் கண்டேன். வெளியே சத்தம் விடுகிற வழி மூடியிருந்தது. புதுக் கார்ட் முதன்முதலாக லினக்சில் ஏறும்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் ஏறும். ஒரு எழுத்தைத் தட்டினால் திறந்துவிடும். பதினொரு பக்கத்தில், நான் திருப்பிவிட்ட அந்த முதல் பக்கத்தில், முதல் வரியே இதுதான் என்று பிறகு பார்த்தேன். காது வேறு, வாய் வேறு. காது காலையிலிருந்தே திறந்துதான் இருந்தது.

தட்டினேன்.

மண்டபம் முழுக்க, குமார் அண்ணையின் நாலு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளில் இருந்தும் ஒரு குரல் எழுந்தது. "...இவையள் இனி மண்டபம் கூட்டப் போகினம் போலை. கொஞ்சம் பொறுங்கோ, நான் முழுக்கக் கேட்டுட்டு வாறன்."

மாமி வவுனியாவில் பக்கத்தில் நின்ற யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமி?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆர், ரூபன் தம்பியோ?" என்றது மண்டபம். "இப்ப என்ரை சத்தம் கேக்குதோ? எனக்குக் காலமையிலை இருந்து எல்லாம் நல்லாக் கேக்குது. நீர் சொன்னதும் கேட்டது. லைன் நல்லாத்தான் இருந்தது தம்பி."

மேசைச்சீலைக்கு வெளியே எல்லாக் கால்களும் அசையாமல் நின்றன. மெல்ல மெல்ல எல்லோருக்கும் விளங்கத் தொடங்கியது. மூன்று மணித்தியாலமாக, சோற்றுக்கும் சாம்பாருக்கும் கீழே, இருபது அடி தூரத்தில் ஊசி விழுந்தாலும் எடுக்கிற மைக்கோடு, மாப்பிள்ளையின் தாய் இருந்திருக்கிறார். அந்த மேசையடியில் நின்றுதான் முழுச்சனமும் கதைத்தது.

மாமி அவசரப்படவில்லை. அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. "சாம்பாருக்கு உப்பில்லை எண்டு மூண்டு பேர் சொல்லிப்போட்டினம். அடுத்த கலியாணத்துக்காவது பாத்துப் போடுங்கோ. என்ரை மகன் கறுப்புத்தான் எண்டு சொன்ன பிள்ளைக்கு, ஓம், அவர் தகப்பன் மாதிரி. பிறகு, சம்பந்தி அம்மா நிக்கிறாவோ?"

அம்மா கையில் பப்படத் தட்டோடு நின்றிருக்கிறார். அம்மா பெரியம்மாவுக்குச் சொன்னது பின்னாளில்தான் எனக்கு முழுதாகத் தெரியவந்தது. "பாவம்தான் மனிசி. ஆனா வராததும் ஒரு விதத்திலை நல்லது. மாப்பிள்ளையின்ரை தாய் வந்து நிண்டால் ஆயிரம் குறை சொல்லியிருக்கும்."

"நான் வந்திருந்தாலும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டன் சம்பந்தி அம்மா" என்றது நாலு பெட்டியும். "உப்பை மட்டும்தான் சொல்லியிருப்பன்."

பப்படம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அது வவுனியாவரை தெளிவாகப் போயிருக்கும்.

பிறகு யாரோ ஓடிவருகிற சத்தம். மேசைச்சீலையைத் தூக்கிக்கொண்டு, பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக அத்தான் என் பக்கத்தில் முழங்காலில் வந்து விழுந்தார். தலைப்பாகை மேசையில் இடித்து உருண்டு போனது. கணினித் திரையில் இருந்த அந்த நின்றுபோன படத்தைப் பார்த்து, "அம்மா" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"சாப்பிட்டியோ மோனை?"

"ஓமம்மா."

"இல்லை, நீ சாப்பிடேல்லை. மருமகள் உன்னைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினது எனக்குக் கேட்டது. அம்மாவின்ரை குரலைக் கேட்டுட்டுத் தாலி கட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும் எண்டு நீ அவளுக்குச் சொன்னதும் கேட்டது. நான் அப்பவே சொன்னனான் மோனை. நீ கட்டேக்கை சொன்னனான். நல்லா இருங்கோ ரெண்டு பேரும் எண்டு. உனக்குத்தான் கேக்கேல்லை. இப்ப திருப்பிச் சொல்லுறன், கேள். நல்லா இருங்கோ."

அத்தான் நெற்றியை நிலத்தில் வைத்து அழுதார். நானும் அழுதேன். மேசைக்குக் கீழே இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது, அக்கா வெளியே இருந்து கையை மட்டும் உள்ளே விட்டு அத்தானின் முதுகைத் தடவினாள். போர்மன் இதையும் படம் எடுத்தார். கலியாண அல்பத்தில் அது இருக்கிறது. மேசைச்சீலைக்கு வெளியே தெரிகிற இரண்டு வேட்டிப் பின்புறங்களில் எது மாப்பிள்ளை என்று அக்காவின் பிள்ளைகள் இன்றைக்கும் டேனிஷில் பந்தயம் பிடிப்பார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது சாட்டுச் சொன்னால் போதும், பஸ் பிந்திவிட்டது என்றாலும் சரி, தலையிடி என்றாலும் சரி, யாராவது ஒருவர் "லைன் நல்லாத்தான் இருந்தது" என்பார். என் களஞ்சியத்து மேலாளருக்குக்கூட யாரோ இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து மாமிக்கு விசா கிடைத்தது. அவர் வந்து நாலாம் மாதம் என் கலியாணம். அதே மண்டபம். ஒலி, வீடியோ எல்லாம் குமார் அண்ணை, அவருடைய கணினியில். நான் வயர் ஒன்றையும் தொடக்கூடாது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தோடு நானே போய் மாமியின் கையைப் பிடித்து, முன் வரிசையில், நடுவில், நல்ல கதிரையில் இருத்தப் போனேன். அவருக்கு நான் கடன்பட்ட இடம் அது என்று நினைத்தேன்.

மாமி கதிரையைப் பார்த்தார். மணவறையைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வேண்டாம் தம்பி. இதிலை இருந்தால் மந்திரம் மட்டும்தான் கேக்கும். கலியாணம் கேக்காது. என்னை அந்தச் சாப்பாட்டு மேசையடியிலை இருத்தி விடும்."

இருத்தினேன். அம்மா ஓடிவந்து பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். தாலி கட்டி, அறுகரிசி போட்டு, மூன்று பந்தியும் முடியும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு எழும்பவுமில்லை, ஒரு வார்த்தை கதைக்கவுமில்லை.